இருபத்திரண்டு பாஸ்வேர்ட்

எங்கள் கடையில் பெண்பிள்ளைகள் இருக்கக் கதிரை இல்லை என்று பேஸ்புக்கில் எழுதியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்லுமளவுக்கு எனக்கு இப்போது தெம்பில்லை. எழுதியது யார் என்று கண்டுபிடிக்கும் வேலையையும் முதலாளி என்னிடமே தந்தார். கள்ளனிடமே சாவியைக் கொடுத்த கதை என்று சிரிப்பார்கள். சாவியை வாங்கிய கள்ளனுக்கு இரவில் நித்திரை வந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

கடை வெள்ளவத்தையில், காலி வீதியில், கடற்கரைப் பக்கமாக இருக்கிறது. மூன்று மாடி, எல்லாம் சேலை. கீழ்மாடியில் நான் கெஷியர், பத்தொன்பது வருஷமாக. கொட்டாஞ்சேனையிலிருந்து காலையில் ஒரு மணித்தியாலம் பஸ். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருப்பான். முன்னுக்குப் போய் நான் கண்டது ஒன்றுமில்லை. கடையில் வேலை செய்யும் பெண்கள் பதினேழு பேரில் கதிரை உள்ளவள் நான் ஒருத்தி மட்டும். மற்றப் பதினாறு பேரும் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை நிற்பார்கள். வாடிக்கையாளர் வரும்போது விற்கிறவள் கதிரையில் இருந்துகொண்டிருந்தால் மரியாதை இல்லையாம். முதலாளி தவநேசனின் கொள்கை அது.

இனி அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளியின் மகன் தேனுஜன் மலேசியாவில் மார்க்கெற்றிங் படித்துவிட்டு வந்தான். தினமும் கடையின் புதுச் சேலைப் படத்தைப் பணியாளர் எல்லோரும் தங்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் பகிர வேண்டும் என்றான். முதலில் அது வேண்டுகோள். ஒரு மாதத்தில் கட்டளை. பகிராதவர்களின் பெயரைக் காலையில் வாசிக்கத் தொடங்கினான். ஒருத்திக்கு டேட்டா முடிந்திருக்கும், ஒருத்தியின் போன் உடைந்திருக்கும், ஒருத்திக்கு மறந்தே போயிருக்கும். தினமும் பேச்சு. கடைசியில் தேனுஜனே ஒரு வழி சொன்னான். "செலீன் அன்ரி, எல்லாரும் பாஸ்வேர்டை உங்களிட்டத் தரட்டும். காலமை நீங்களே எல்லாற்ற பக்கத்திலயும் போட்டுவிடுங்கோ. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

ஒருவரும் மறுக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நானும் மறுக்கவில்லை. வேலை ஒன்று குறைந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கெஷியர் மேசைக்கு வரிசையாக வந்து, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் ஒரு தடித்த மட்டைக் கொப்பியில் எழுதினேன். பாதிக் கடை கடவுளை நம்பியிருந்தது, மீதிக் கடை பிள்ளைகளை நம்பியிருந்தது. சாமான் அறையைப் பார்க்கும் மீரா சாஹிப் நானாவுடையது பிஸ்மில்லாவும் எழுநூற்று எண்பத்தாறும். யூஜினாவுடையது மகளின் பெயரும் பிறந்த வருஷமும். தெஹிவளையிலிருந்து வரும் றுஷ்னா மட்டும் தன் பூனையின் பெயரை வைத்திருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு பேர். கெஷியர் மேசைக் கம்பியூட்டரில் காலை பத்து மணிக்குள் இருபத்திரண்டு பேராக மாறி, இருபத்திரண்டு தடவை அதே சேலையைப் போட்டுவிடுவேன்.

இருபத்து மூன்றாவது ஆள் நான். என் பாஸ்வேர்டை மட்டும் நான் கொப்பியில் எழுதவில்லை. கணக்குப்பிள்ளையின் கணக்கை யார் பார்க்கிறார்கள்? ஒருவரும் கவனிக்கவில்லை.

எழுதாததற்குக் காரணம் என் மகன் ஷெல்டன். மெல்பேர்னில் இருக்கிறான். அவன் என்னோடு கதைத்து நான்கு வருஷமாகிறது. என் மனுஷன் கிளெமென்ற் சாகக் கிடந்தபோது ஷெல்டனுக்கு விசாப் பிரச்சினை, வர முடியவில்லை. செத்த வீட்டன்று போனில், "அப்பா சாகக்குள்ள நீ எங்க இருந்த?" என்று கேட்டுவிட்டேன். ஒரே ஒரு வசனம். அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் என்னை பிளொக் பண்ணவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து மெசென்ஜரில் அவனுக்கு ஏதாவது எழுதுவேன். அவன் பார்த்துவிட்டான் என்று கீழே சின்ன அடையாளம் வரும். பதில் வராது. அந்தச் சின்ன அடையாளம்தான் எனக்கு மகன். கடையில் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் எடுப்பான், ஒரு மணித்தியாலம் கதைப்பான் என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்தான். அந்தப் பொய்யில் சாய்ந்துகொண்டுதான் திங்கட்கிழமை வேலைக்கு வருவேன்.

இனி யூஜினா. அவளும் கொட்டாஞ்சேனைதான், மூன்றாம் மாடியில் கலியாணச் சேலைப் பகுதி. புருஷனுக்கு வருத்தம், மருந்தோடு கிடக்கிறான், வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்திதான். போன மாதம் ஒரு நாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினாள். "பாருங்க அக்கா, ரெண்டு காலும் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிட்டு. செருப்புக்குள்ள போகுதே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளவத்தை ஆட்கள் நாற்பதாயிரம் பேர் இருக்கும் பேஸ்புக் குழு ஒன்று உண்டு. அதில் பெயர் தெரியாமல் எழுதலாம். அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், என் கதிரையில் இருந்துகொண்டே எழுதினேன். காலி வீதியில் மூன்று மாடிச் சேலைக்கடை ஒன்றில் பதினாறு பெண்கள் பதினொரு மணித்தியாலம் நின்றே வேலை செய்கிறார்கள், ஒருத்தியின் கால் பணிஸ் மாதிரி வீங்கியிருக்கிறது, ஒரு கதிரை போட்டால் கடை இடிந்து விழுமா என்று எழுதினேன். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, பின்னேரத்துக்குள் முந்நூறு பேர் வந்து பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பெண், மகளின் கூறைச் சேலையை இனி வேறு கடையில் எடுப்பதாக எழுதியிருந்தார். முதலாளியைச் சுட்டது அந்த ஒரு வரிதான்.

அன்றைக்கே என்னை மேலே கூப்பிட்டார். தேனுஜனும் இருந்தான்.

"செலீன், உள்ளுக்குள்ள இருக்கிற ஆரோதான் எழுதியிருக்கினம். உந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஒவ்வொண்டாத் திறந்து பாப்பம்."

"சேர், அது சேலை போடுறதுக்குத்தானே தந்தாங்க."

"சேலை போட உள்ள போறதும் அதே வாசல்தானே?" என்றான் தேனுஜன். கெட்டிக்காரன்தான். அவனைப் படிப்பித்தது வீண்போகவில்லை.

அந்த இடத்திலேயே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் என் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள், திறந்தால் ஷெல்டன் இருக்கிறான். தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஐம்பத்தாறு வயதில் அவ்வளவு மடத்தனம் எனக்கு.

மூன்று நாள், மத்தியானத்துக்குப் பிறகு, மேல்மாடி அறையில் தேடினோம். நான் பாஸ்வேர்டைச் சொல்வேன், தேனுஜன் திறப்பான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல, தேடியதைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. றுஷ்னா நுகேகொடையில் ஒரு போன் கடைக்கு வேலை கேட்டு எழுதியிருந்தாள். இன்னொருத்தி தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சினேகிதியிடம் அழுதிருந்தாள். மீரா சாஹிப் நானா, ஒரே வீட்டுக்குள் இருக்கும் தன் பெண்சாதிக்குத் தினமும் காலையில் ரோசாப்பூப் படம் அனுப்பியிருந்தார். தேனுஜன் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தான். முதலாளியும் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்தால் நானா, "மிஸ், பிளேன்டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தை எனக்குப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவருக்காக அல்ல, எனக்காக.

மூன்றாம் நாள் யூஜினாவின் கணக்கு. அவளுடைய அக்கா றோஸிக்கு ஒரு செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ். கால் பணிஸ் மாதிரி வீங்கிட்டு, செருப்பு போட ஏலாது. குழுவில் பதிவு வருவதற்கு முதல் நாள் எழுதியது.

தேனுஜன் மேசையில் அடித்தான். "அப்பா, அதே பணிஸ்!"

அவள் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே எடுத்து எழுதியது நான். நல்லது செய்யப் போய் அவள் கழுத்திலேயே கயிற்றைப் போட்டிருக்கிறேன்.

யூஜினாவைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைக் காட்டினார்கள். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் நெஞ்சில் கையை வைத்தாள். "அந்தோனியார் சத்தியமா நான் எழுதல்ல சேர். எனக்குப் போன்ல தமிழ் எழுத்தே அடிக்கத் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்களேன். என்னை உங்களுக்குத் தெரியும்தானே."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"வேற ஆரையும் கொண்டு எழுதுவிச்சிருப்பாய்," என்றார் முதலாளி. "வெள்ளிக்கிழமை கடிதம் தாறன். திங்கட்கிழமை வர வேண்டாம்."

அவள் தன் செய்தியை இவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்கவே இல்லை. பாஸ்வேர்டைக் கொடுத்த அன்றைக்கே அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்வரை இரண்டு நாளும் பஸ்ஸில் என் பக்கத்திலேயே இருந்து வந்தாள். புருஷனுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். பொரளையில் கிளினிக் திகதி வருகிறது, அது முடிந்த பிறகு சொல்லலாம் என்றாள். என்னைச் சந்தேகப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலே போனேன். கடிதம் மேசையில் தயாராக இருந்தது.

"சேர், அத எழுதினது யூஜினா இல்ல. நான்."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல மனசு செலீன் உங்களுக்கு. அந்தப் பிள்ளையில இரக்கப்பட்டுக் காப்பாத்தப் பாக்கிறியள்."

"இரக்கம் இல்ல சேர். உண்மையாவே நான்தான்."

"உங்களுக்குத்தானே கதிரை இருக்கு. இருக்கிறவள் ஏன் எழுதப்போறாள்?"

தனக்கு வலிக்காததைப் பற்றி ஒருவர் பேசக்கூடும் என்று அவருக்கு அறுபது வயதுவரை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு விளக்கிக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். குழுவைத் திறந்தேன். நான் பெயரில்லாமல் போட்ட பதிவு என் போனில் என் பதிவாகவே தெரியும். அதை என் கையில் பிடித்தபடி அவருக்கு நேரே நீட்டினேன்.

"கண்ணாடி போடாமல் தெரியேல்லை. இஞ்ச தாங்கோ."

கொடுத்தேன். வேறு வழி இல்லை. கடிதம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முழுவதும் வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் நம்பிவிட்டார், எனக்குத் தெரிந்தது. "பத்தொன்பது வருஷம், செலீன்," என்றார். நான் கையை நீட்டினேன். அவர் போனைத் தரவில்லை.

"வேற என்னென்ன எழுதியிருக்கிறியள் எண்டும் பாப்பம்."

"வேற ஒண்டும் இல்ல சேர். தாங்க."

அவருடைய விரல் மெசென்ஜரை அமத்தியது. முதல் பெயர் ஷெல்டன். அந்த ஒரு பெயரைத் தவிர அதில் வேறு பெயர் அதிகம் இல்லை.

"சேர், அது மகன்."

"மகனுக்கும் கடையைப் பத்தி எழுதியிருப்பியள்தானே."

மேலே தள்ளத் தொடங்கினார். தேனுஜன் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றான். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். எல்லாம் வலது பக்கம். எல்லாம் நான் எழுதியது. மகன், சாப்பிட்டியா. இண்டைக்குக் கொட்டாஞ்சேனையில ஒரே மழை. நத்தார் வாழ்த்து மகன், யேசு பாலன் உன்னோட இருக்கட்டும். அப்பாட கல்லறைக்குப் போய்ட்டு வந்தேன், நீ குடுத்த மாதிரிச் சொல்லி ஒரு மாலையும் போட்டேன். உனக்கு இன்னும் கோபமா. நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது மகன். மகன், சாப்பிட்டியா. இடது பக்கம் வெறுமை. நான்கு வருஷத்தையும் அவர் நிதானமாகத் தள்ளிக்கொண்டு போனார். நடுவில் ஒருமுறை நின்று, திரும்பக் கீழே வந்து, எதையோ இரண்டாம் தரம் வாசித்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் கோபம் இல்லை.

"பெடியன் ஒரு மறுமொழிகூடப் போடேல்லையே, செலீன்?" செத்த வீட்டில் விசாரிப்பது போல மெல்லக் கேட்டார். "ஞாயிறு ஞாயிறு எடுக்கிறவன் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். வாசலைக் காட்டியிருந்தால் போயிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் வந்தேன். அந்த மெல்லிய குரலோ, என் உடுப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பாவம் மெலிந்துவிட்டாய் என்று சொன்னது போல இருந்தது. கையிலிருந்து போனைப் பறித்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை அவர் கையிலிருந்து ஒன்றைப் பறித்தேன்.

"உங்களுக்கு வேண்டியது முதல் நிமிஷத்திலயே கிடைச்சிட்டு சேர். மிச்சத்த ஏன் பாத்தீங்க?"

"எங்கட ஆள்தானே நீங்கள்," என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "சரி, விடுங்கோ. அந்தப் பிள்ளையும் இருக்கட்டும். நீங்களும் கண்ணைத் துடைச்சுப்போட்டுப் போய் வேலையைப் பாருங்கோ."

கதவடியில் தேனுஜன் கூப்பிட்டான். "அன்ரி, உங்கட பாஸ்வேர்டையும் கொப்பியில எழுதிவிடுங்கோவன்."

"எழுத மாட்டன்," என்றேன். "இனிக் கொப்பியும் நீயே வச்சுக்கொள். நீயே போடு."

அதையும் இரக்கத்தில் விட்டுவிட்டார்கள். யூஜினாவின் வேலையும் என்னுடைய வேலையும் தப்பியது அந்த இரக்கத்தில்தான்.

பின்னேரத்துக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. தேனுஜனுக்கு வாய் சும்மா இருக்காது. பதிவை எழுதியது நான் என்பதும் தெரிந்தது, ஷெல்டன் பதில் போடாததும் தெரிந்தது. யூஜினா படியில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அக்கா, ஷெல்டன் எழுதுவான். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி பத்த வைக்கிறேன்." என் கணக்கை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் எல்லோருடையதையும் பார்த்தார்கள், பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள் என்று சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லும்போது என் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அந்தக் கொப்பியை எழுதிய கையல்லவா.

றுஷ்னா அந்த இடத்திலேயே மாற்றினாள். மாற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "என்டயையும் நீங்க பாத்தீங்களா மிஸ்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. அவளில் பிழை இல்லை. மீரா சாஹிப் நானா, "மாத்தினா எனக்கே மறந்துபோகும் மிஸ், உட்டுத் தள்ளுங்க," என்றார். அவருக்கு நான் ரோசாப்பூவைப் பற்றிச் சொல்லவில்லை. மற்றவர்கள் நாளைக்கு மாற்றலாம் என்று போனார்கள். திங்கட்கிழமை மாடிக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை வந்தது. சரியாகக் கண்காணிப்புக் கமராவுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். யூஜினா ஒருத்திதான் அதில் இருக்கிறாள், அதுவும் பயந்து பயந்து.

இதெல்லாம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது ஞாயிற்றுக்கிழமை.

பூசைக்குப் போய் வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, வழக்கம் போலக் கட்டில் ஓரத்தில் இருந்து போனை எடுத்தேன். மகன், சாப்பிட்டியா என்று அடித்தேன். அனுப்புவதற்கு முதல் எப்போதும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன், ஷெல்டன் வாசித்தால் எப்படி இருக்கும் என்று. அன்று வாசித்தபோது அவன் வரவில்லை. கண்ணாடி போட்ட முதலாளி வாசித்தார், பின்னால் நின்று தேனுஜன் வாசித்தான். பாவம் மனிசி, நாலு வருஷமாக அதே கேள்வி என்று இருந்தது. அழித்துவிட்டேன். மழையைப் பற்றி எழுதினேன், அழித்தேன். கோயிலில் உன் கூட்டாளியின் அம்மாவைக் கண்டேன் என்று எழுதினேன். எல்லாமே யாரோ இரக்கப்படுவதற்கு எழுதியது போல இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

அந்த ஞாயிறு ஒன்றும் அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறும் முடியவில்லை. இன்றோடு ஆறு ஞாயிறு. அங்கே அவன் போனைத் திறந்து பார்த்திருப்பான். அம்மாவும் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பான்.